வழி: பால்வாடி

தட்டாங்குளத்துப் பால்வாடிக்குள் பஸ் போனதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பஸ் பறந்தது என்கிறான் ஒருவன். சுவர் திறந்தது என்கிறாள் ஒருத்தி. பறக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. மனு எழுதியவன் நான். நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேசாதீர்கள்.

தட்டாங்குளம் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. காலேஜுக்குப் போகிற டவுன் பஸ் காலை எட்டு நாற்பதுக்கு மெயின் ரோட்டைக் கடக்கும். அதை விட்டால் பதினொன்றரை. பால்வாடி ஊருக்குள், கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கிறது. ரத்தினபாய் டீச்சர் அதை ஒன்பதரைக்குத் திறப்பார். எட்டு நாற்பதுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் இசக்கிராணி.

அவளுக்கு வயது இருபத்துமூன்று. பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணம். புருஷன் திருப்பூரில், மாமியார் விடியுமுன் காட்டு வேலைக்குப் போனால் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்கு வருகிறவள், மூன்று வயதில் தன்ஷிகா என்று ஒரு பெண். பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் இவளுக்குப் படிப்பு ஞாபகம் வந்து, அரசுக் கல்லூரியில் கணிதத்தில் சேர்ந்துவிட்டாள். பிள்ளையை விட்டுவிட்டு ஓடினால் பஸ் போயிருக்கும், பஸ்ஸுக்கு ஓடினால் பிள்ளையை விட இடமிருக்காது. பக்கத்து வீட்டில் ஒரு நாள், கடைக்காரியிடம் ஒரு நாள், யாரும் கிடைக்காத நாளில் லீவு. இப்படியே ஐம்பது நாள் ஓடியது.

அவளுடைய துறைத் தலைவி ஜெபமலர் மேடம். பத்து மணிக்குப் பெயர் கூப்பிடுவார். மூன்று முறை கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் ஆள் இல்லை, அவ்வளவுதான். அவர் இவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தொண்ணூறு நாள்ல அறுபத்தெட்டு நாள் வரணும். நீ வந்தது இருபத்தெட்டு. மிச்சம் இருக்கிறது நாப்பது. நாப்பதும் வந்தா பரீட்சை. ஒண்ணு குறைஞ்சா இல்லை."

புருஷனும் போனில் சொல்லிவிட்டான். இந்தப் பரீட்சை எழுத முடியாவிட்டால் படிப்பை மூட்டை கட்டிவிட்டுப் பிள்ளையோடு திருப்பூர் வந்துவிட வேண்டும், பனியன் கம்பெனியில் இவளுக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறானாம்.

அன்றைக்குத்தான் என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, ஒரு மனு எழுதணும்."

"என்ன வேணும்?"

"பஸ் ஊருக்குள்ள வரணும் பெரியப்பா. பால்வாடிக்கு முன்னால வந்து, ரெண்டு நிமிசம் நின்னு, நாங்க பிள்ளைகளை உள்ள விட்டுட்டு ஏறுன பெறவு, கண்மாய்க் கரையில திரும்பி, மெயின் ரோட்டைப் புடிச்சு..."

"ஏட்டி, மனுவா வில்லுப்பாட்டா?"

"எல்லாத்தையும் எழுதுங்க. ஒண்ணு விட்டாலும் மாத்திச் செஞ்சிருவாங்க."

"நாப்பது வருசமா எழுதுதேன். எனக்குப் படிச்சுக் குடுக்காத."

ஒரு வரிக்கு மேல் எழுதினால் அதிகாரி படிக்கமாட்டான். அது என் கொள்கை. எழுதினேன்: 'காலை 8.40 பேருந்து பால்வாடி வழியாகக் கல்லூரி செல்ல ஆவன செய்க.' அவள் வாங்கிப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். கையெழுத்துப் போடு என்றேன். திங்கட்கிழமை மனு நாளில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஐந்தாவது நாள் பதில் வந்துவிட்டது. 'மனுவில் கண்டவாறு நடைமுறைப்படுத்தவும்.' மனுவில் என்ன கண்டிருந்ததோ அதுதான் நடந்தது. அந்த ஐந்து நாளும் இசக்கிராணி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், காலேஜ் வாட்ச்மேன் பெஞ்சாதியிடம் கெஞ்சி விட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். ஆறாவது நாளிலிருந்து பிள்ளையைப் பார்க்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். ஆறாவது நாள் பஸ் வந்தது.

நெற்றியில் புதுப் பெயிண்டில் 'கல்லூரி, வழி: பால்வாடி' என்று எழுதிக்கொண்டு, எட்டு நாற்பதுக்கு மெயின் ரோட்டை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையேறி, ஆட்டுக்குட்டிகளை ஒதுக்கி, புளியமரத்தைச் சுற்றி, பால்வாடிக்கு முன்னால் வந்த பஸ் நிற்காமல் அப்படியே மெதுவாக வாசலுக்குள் போனது. வாசல் அகலம் மூன்று அடி, பஸ் அகலம் எட்டரை அடி, உயரத்தைச் சொல்லவே வேண்டாம். நிலையில் ஒரு சிராய்ப்பு இல்லை, கூரையில் ஓர் ஓடு நகரவில்லை. பஸ் வருகிறது என்று டீச்சர் அன்றைக்குச் சீக்கிரமே திறந்திருந்தார், உள்ளே பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. பஸ் நடு அறையில் இரண்டு நிமிடம் நின்றது, நின்றபோது அறையும் அதே அறைதான் பஸ்ஸும் அதே பஸ்தான். சன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தால் கரும்பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இசக்கிராணி தன்ஷிகாவைப் பாயில் உட்கார வைத்துவிட்டு முன்படியில் ஏறினாள். விசில் ஊதியதும் பஸ் பின்சுவரை நோக்கி நகர்ந்தது. அந்தச் சுவரில் கதவு கிடையாது, ஒரு யானைப் படம்தான் உண்டு. யானையின் வயிற்றுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்து, ஓடைப்பாலம் ஏறி, ஒன்பதரைக்கெல்லாம் காலேஜ் வாசலில் நின்றது. யானைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கண்டக்டர் கொம்பையாவிடம் கேட்டேன். "என்னவே, உள்ள போயிருக்கேரு?"

"வழின்னு போட்டிருக்கு. போனோம்" என்றார். "பக்கத்துலன்னு போட்டிருந்தா பக்கத்துல போயிருப்போம்."

தப்பு என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரும் கோபப்படவில்லை. ஊருக்குப் பஸ் வந்துவிட்டது. எந்தப் பக்கமாக வந்தால் என்ன?

முதல் நாள் பக்கத்து ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். இரண்டாம் நாள் பாதிப் பேர். மூன்றாம் நாள் ஒருவரும் இல்லை, பருத்தி எடுக்கிற நேரம். ஊருக்கு அதன் பிறகு இருந்தது ஒரே ஒரு பிரச்சினை, செருப்பு. பால்வாடிக்குள் செருப்புக் காலோடு யாரும் வரக்கூடாது என்பது ரத்தினபாய் டீச்சரின் சட்டம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். பஸ் உள்ளே நின்றதும் அவர் குச்சியோடு வந்து படியில் நின்றுகொண்டார்.

"பஸ்ஸுக்குள்ளதான டீச்சர் இருக்கோம்?" என்றான் ஷூ போட்ட காலேஜ் பையன் ஒருவன்.

"பஸ் எதுக்குள்ள இருக்கு?" என்றார் டீச்சர்.

அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான். மறுநாளிலிருந்து புளியமரம் வந்ததும் கொம்பையா, "பால்வாடி வருது, கழட்டு, கழட்டு" என்று சொல்லிக்கொண்டே போவார். நாற்பது பேரும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள், டிரைவர் வெறுங்காலால் கிளட்ச்சை மிதிப்பார். சாக்ஸில் ஓட்டை உள்ள பையன்கள் ஒரு வாரத்தில் புதுச் சாக்ஸுக்கு மாறினார்கள். அதோடு டீச்சர் விடவில்லை. ஆளுக்குக் கால் என்றால் பஸ்ஸுக்கு டயர்தானே என்றார். ஆயா வேலம்மா வாசலில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்று ஆறு டயரையும் கழுவிவிட்ட பிறகுதான் உள்ளே விட்டாள். டிரைவர் முனகினார். "மாட்டைக் கழுவுறாப்ல கழுவுதாளே" என்று சொன்னதற்கு, "மாடு சொன்னாக் கேக்கும், காலைத் தூக்கும்" என்றாள் அவள்.

ஹாரன் கூடாது. புகை போகட்டும் என்று சன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன, ஆனால் புகை வரவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பதரைக்குத் திறந்துகொண்டிருந்த டீச்சர் தினமும் எட்டேகாலுக்கே திறக்க ஆரம்பித்தார், பஸ் வருகிற வீட்டைப் பூட்டி வைக்க முடியுமா. டீச்சர் சீக்கிரம் திறந்ததால் வீட்டில் கிடந்த பிள்ளைகளும் வந்தார்கள், பதினொன்று பதினெட்டாயிற்று. பிள்ளையை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு, தையல் வகுப்புக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று இன்னும் ஏழெட்டுப் பெண்கள் அதே முன்படியில் ஏறினார்கள். காலேஜ் பையன்கள் அந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து கை தட்டி, மூக்கைத் தொட்டு, தலையில் கைவைத்து ஆடுகிற ஆட்டமெல்லாம் கற்றுக்கொண்டார்கள். அதில் ஒருவன் எல்லாரும் எழுந்தால் உட்காருவான், உட்கார்ந்தால் எழுவான். அவனைப் பால்வாடியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று வேலம்மா கேட்டாள்.

மேலத்தெருக்காரர் ஒருவர் வந்து தன் வீடு வழியாக ஒரு மனு எழுதச் சொன்னார். எழுந்து போவே என்றேன்.

இசக்கிராணி ஒரு நாளும் தவறவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னிடம் வகுப்புக்குப் போன நாள் கணக்கைச் சொல்வாள். ஐம்பத்தொன்று. ஐம்பத்தாறு. அறுபது.  காய்ச்சலோடும் போனாள். ஒரு நாள் தன்ஷிகாவுக்கு வயிறு சரியில்லை. அன்றைக்கு டீச்சரே பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, "நீ போ ஏட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்று துரத்திவிட்டார்.

அவள் கணக்கில் அறுபத்தைந்தாவது நாள் அதிகாரிகள் வந்தார்கள். யாரோ ஒரு பயல் போனில் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். இரண்டு ஜீப். ஒன்றில் பஸ்காரர்களின் அதிகாரி, இன்னொன்றில் குழந்தைகள் துறை அம்மா. இருவரும் புளியமரத்தடியில் நின்று பஸ் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்தார்கள். அதிகாரி டேப் எடுத்து வாசலை அளந்தார். மூன்று அடி என்று எழுதிக்கொண்டார்.

"கட்டடத்துக்குள்ள ரூட் போறதுக்கு எங்ககிட்ட விதி இல்லைங்க" என்றார்.

"ரூட்டுக்கு மேல கட்டடம் இருக்கிறதுக்கு எங்ககிட்டயும் விதி இல்லை" என்றார் அம்மா.

"அப்ப கட்டடத்தை எடுத்திருங்க."

"நீங்க பஸ்ஸை எடுங்க."

"ஆர்டர்ல வழின்னு இருக்கு. நான் எடுக்க முடியாது."

இப்படி ஒரு மணி நேரம். டீச்சர் நடுவில் போய்ச் சொன்னார்: "ரெண்டு பேரும் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்து பேசுங்க." அவர்கள் போகவில்லை. பஸ்ஸால் யாருக்காவது அடி பட்டதா என்று அம்மா கேட்டார். இல்லை என்றோம். எப்படிப் படவில்லை என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாததை அவர் ஆபத்து என்று எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், ஒரு ஆள் வந்து பால்வாடிக்குப் பெரிய பூட்டாகப் போட்டு, அரக்கு சீல் வைத்து, ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனான். இசக்கிராணி பஸ்ஸிலிருந்து இறங்கி அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அறுபத்தேழு.

"இன்னும் ஒரு நாளு பெரியப்பா" என்றாள். 

நான் திருத்த மனு ஒன்று எழுதினேன், 'வழியாக' என்பதை அடித்து 'அருகே' என்று. ஒரு நாளில் நடக்கிற காரியமில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் காலையில் அந்த பஸ்ஸிலேயே போய்க் கொடுத்துவிடுவது என்று வேட்டியை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

காலையில் பதினெட்டுப் பிள்ளைகளும் பூட்டிய கதவுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் ஆள் இல்லை, வேறெங்கே போவார்கள். டீச்சர் நின்றார், வேலம்மா வாளியோடு நின்றாள். எட்டு ஐம்பதுக்குப் பஸ் வந்தது. வேலம்மா பழக்கத்தில் டயரைக் கழுவினாள். பஸ் பூட்டுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. டிரைவர் கியரைப் போட்டார், நகரவில்லை. ரிவர்ஸ் போட்டார், அதற்கும் நகரவில்லை.

"தள்ளிப் பாப்பமா?" என்றான் ஒருவன். இருபது பேர் தள்ளினார்கள். கோயில் தேர் மாதிரி அசையாமல் நின்றது.

கொம்பையா இறங்கி வந்து சொன்னார்: "பால்வாடி வழியாத்தான் போவும். பால்வாடி பூட்டியிருக்கு. நான் என்ன செய்ய?"

"பூட்டை உடைச்சா?" என்றார் டிரைவர்.

"சீல் வச்சிருக்கு. உள்ள தள்ளிருவான்" என்றேன்.

"அப்ப பஸ்ஸை இங்கனயே நட்டு வச்சு மாலை போடுங்க" என்றார் அவர்.

மெயின் ரோட்டுக்கு ஓடினாலும் பஸ் இல்லை, அந்த பஸ்தான் இங்கே நிற்கிறதே. மோட்டார் சைக்கிள் கேட்கலாம் என்றால் வண்டி உள்ளவர்கள் எல்லாம் விடியலிலேயே போய்விட்டார்கள். எட்டு ஐம்பத்தெட்டு. இசக்கிராணி அழவில்லை. கதவில் ஒட்டியிருந்த காகிதத்துக்குக் கிட்டே போய் நின்று அதை முதல் எழுத்திலிருந்து படித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, மனுவுல என்னன்னு எழுதுனீங்க?"

"பால்வாடி வழியாக."

"பால்வாடிக் கட்டடம்னு எழுதலையே?"

"ஒரு வார்த்தை எச்சா எழுத எனக்கென்ன கிறுக்கா?"

"இதுல பாருங்க. 'அங்கன்வாடி மையக் கட்டடம் மூடப்படுகிறது.' கட்டடத்தைத்தான் பூட்டியிருக்காங்க. பால்வாடியைப் பூட்டலை." அவள் திரும்பி வரிசையைக் காட்டினாள். "பால்வாடி இந்தா உக்காந்திருக்கு."

டீச்சர் பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தார். பத்து வருஷமாக அவர் எழுதுகிற எல்லா ரிஜிஸ்தரிலும் அங்கன்வாடி மையம் என்றுதான் இருக்கும், ஊரில் ஒருவர்கூட அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"ஏத்துங்க" என்றார்.

ஏற்றினோம். பதினெட்டுப் பிள்ளைகள், பாய், குக்கர், சத்துமாவு டப்பா, எடை மெஷின், கரும்பலகைத் துண்டு, டீச்சர், வேலம்மா, வாளி. கடைசிப் பிள்ளை படி ஏறியதும் யாரும் விசில் ஊதாமலே பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, ஓடைப்பாலத்தைப் பிடித்தது. இப்போது கட்டடத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. பால்வாடி பஸ்ஸுக்குள் இருந்தது, பஸ் பால்வாடி வழியாகப் போய்க்கொண்டே இருந்தது, பாலம், மெயின் ரோடு, தீப்பெட்டி ஆபீஸ், ரயில்வே கேட் என்று ஒரு முழம் விடாமல் எல்லா இடத்திலும். வழியில் ஏறியவர்களிடம் கொம்பையா செருப்பைக் கழற்றச் சொன்னார், அவர்கள் ஏன் என்று கேட்டுவிட்டுக் கழற்றினார்கள்.

ரயில்வே கேட்டில் ஏழு நிமிடம். இசக்கிராணி ஒரு பிள்ளையின் சட்டைப் பித்தானைப் பூட்டிக்கொண்டே இருந்தாள், பூட்டிய பித்தானைத் திரும்பத் திரும்பப் பூட்டினாள்.

காலேஜ் வாசலில் ஒன்பது ஐம்பத்தாறு. பிள்ளைகளை பஸ்ஸில் விட முடியாது, பஸ் திரும்ப வேண்டும். எனவே எல்லாரும் இறங்கினோம். வேலம்மா என் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தாள், மனு வேட்டி மடிப்பிலேயே இருந்தது. கணிதத் துறை மாடியில். பதினெட்டுப் பிள்ளைகளோடு மாடி ஏறிப் பார்த்தால் தெரியும் எத்தனை படி என்று. வகுப்பு வாசலுக்கு வந்தபோது பத்துக்கு ஒரு நிமிடம். அப்போது பார்த்து ஒரு பயல் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். டீச்சர் பின்னால் படியில், வேலம்மா அதற்கும் பின்னால். பக்கத்தில் இருந்தது இசக்கிராணி. அவனைப் பார்த்தாள், வகுப்பைப் பார்த்தாள், அவனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

நாங்கள் உள்ளே போய்ப் பின் பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். ஜெபமலர் மேடம் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், நிமிராமல் ரிஜிஸ்தரைத் திறந்தார். அவர் எப்போதும் காதால்தான் வருகை எழுதுவாராம்.

"அந்தோணி செல்வம்."

"உள்ளேன் மேடம்" என்றான் அவன்.

"ஆவுடைத்தங்கம்."

"உள்ளேன் மேடம்."

பிள்ளைகள் இரண்டு பெயர் கேட்டார்கள். ஆட்டம் பிடிபட்டுவிட்டது. மூன்றாவது பெயருக்கு அந்தப் பெயர்க்காரனோடு சேர்ந்து மொத்தப் பெஞ்சும் "உள்ளேன் மேடம்" என்றது. நான்காவதுக்கும். ஜெபமலர் மேடத்தின் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு நகர்ந்தது.

"இசக்கிராணி."

 பிள்ளைகள் வாய் திறக்கவில்லை, தெரிந்த பெயர் என்பதால் ஆளைத் தேடினார்கள்.

"இசக்கிராணி."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மடியில் இரண்டும் கனத்தன.

"இசக்கிராணி."

"எங்கம்மா" என்றாள் தன்ஷிகா, பெஞ்சின் மேல் நின்றுகொண்டு. "எங்கம்மா உள்ளேன்."

ஜெபமலர் மேடம் நிமிர்ந்தார். பதினேழு பிள்ளைகள், இரண்டு பொம்பளைகள், ஒரு வாளி, ஒரு கிழவன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். குனிந்து எதையோ எழுதினார். அதற்குள் வாசலில் இசக்கிராணி வந்து நின்றாள், இடுப்பில் பிள்ளை, முழங்கால் வரை சேலை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

"மேடம், உள்ள வரலாமா?"

"வர வேண்டாம்" என்றார் ஜெபமலர்.

அவள் அப்படியே நின்றாள். இடுப்புப் பிள்ளை கீழே நழுவுவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

"நீ வந்து ரெண்டு நிமிசம் ஆச்சு. அறுபத்தெட்டு. போய் உக்காரு" என்றார். பிறகு மறுபடி ரிஜிஸ்தரில் குனிந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். இருளாண்டி. அவன் படிப்பை விட்டுவிட்டுக் கேரளாவுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறதாம்.

"உள்ளேன் மேடம்" என்றது பால்வாடி.